தெருமுனைச் சத்தம்

கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. ஒரு வண்டிச் சத்தத்தின் கதை வைத்திருக்கிறேன். உரக்கச் சொல்லுகிற கதையில்லை.

அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

எதிரே பழைய துணியில் இரண்டு ஜோடி கேம் ஷாஃப்ட், எஞ்சினுக்குள் சுற்றி வால்வுகளைத் தட்டித் திறக்கிற முட்டுத் தண்டுகள். எண்ணெய் பூசிக் கிடத்தியிருந்தான் மெக்கானிக் பெரோஸ்.

பிரித்துப் போட்ட பைக் அவள் புருஷனுடையது. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். வண்டி நிற்கவில்லை. மில் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

உள்ளே கேமைச் சுற்றுகிற செயின் தேய்ந்துவிட்டது. அதை அழுத்திப் பிடிக்கிற கட்டையும் கரைந்துவிட்டது. இனிமேல் செயினே வேண்டாம், பல்சக்கரம் போட்டுவிடலாம் என்று பெரோஸ் சொல்லியிருந்தான். பல்சக்கரத்துக்குப் பழைய கேம் சேராது.

"இந்த ஜோடியே போட்டுக்கலாங்க்கா. செயின் சடசடப்பு போயிரும். ஆனா கோபால் அண்ணன் வண்டியோட அந்தத் துடிப்பு அப்படியே இருக்கும். அந்த இன்னொண்ணு உங்களுக்கு ஆகாது. நிக்கறப்பவே குதிக்கும், உறுமும். காலேஜ் பசங்க சாமான்."

அவள் அந்த இன்னொன்றைத்தான் கையில் எடுத்தாள். முட்டு நல்ல உயரம். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதப் போட்டா சத்தம் மாறிருமா?"

"சுத்தமா மாறிருங்க்கா. வாசல்ல வந்து நின்னாலும் அண்ணன் வண்டின்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப இதையே போடு."

பெரோஸ் மற்ற ஜோடியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தான்.

தினமும் சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் திரும்பும். மாமனார் நாற்காலியை விட்டு எழுவார். நேற்றுச் சொன்னது இன்று தங்காத தலை அவருடையது. அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. கேட்டைத் திறந்து, முகமெல்லாம் பல்லாக நிற்பார்.

"கோவாலு வந்துட்டானாட்ட இருக்குது."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவாள்.

"நீயா அம்மிணி? அவன் எங்க?"

அவள் சொல்லுவாள்.

அன்றுதான் கேட்கிறவர்போல, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவார்.

ஒரு மனுஷர் பெற்ற பிள்ளையை எத்தனை தடவைதான் சாகக் கொடுப்பார்?

அதற்குத்தான் அந்த இன்னொரு ஜோடி.

வண்டி தயாரானது. சாயங்காலம் தெருமுனையில் திரும்பினாள். எஞ்சின் உறுமியது. பல்சக்கரம் மெல்ல ஊளையிட்டது. பழகிய எதிர்வீட்டு நாய், யாரோ என்று குரைத்தது.

கேட் மூடியே இருந்தது.

அவளே இறங்கித் திறந்தாள்.

மாமனார் நாற்காலியில் இருந்தார். கண்ணில் ஈரமில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தட்டைத் தள்ளினார்.

"கோவாலு வரட்டும் அம்மிணி. சேந்தே உண்டுக்கலாம். இன்னும் வண்டிச் சத்தத்தையே காணமே."

தேங்காய்ப்பாலில் ஆடை படர்ந்தது.

அவள் எழுந்துபோய் இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நல்லா இருங்க, கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்காகச் சோறு மூடிவைத்திருக்கிறதோ, அவர்கள் சத்தம் தெருமுனை திரும்பட்டும்.