குறை சொல்லிக்கொண்டே வாங்க வந்தவன்

"அங்கிள், உங்க பென்ஸ் நூறைத் தொடுறதுக்குள்ள என் வண்டி கூலாய் டவுனுக்கே போய்ச் சேந்துடும் லா."

வந்ததும் வராததுமாக செல்வா இப்படித்தான் பேச்சைத் தொடங்கினான். செல்லப்பனுக்குச் சுருக்கென்றது. கார் வாங்க வந்தவன் பேசுகிற பேச்சா இது?

மலேசியாவின் கோத்தா திங்கியில் போன வெள்ளத்தின்போது செல்லப்பன் முதலில் காப்பாற்றியது இந்தப் பழைய பென்ஸைத்தான். அதை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சோபா, ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாம் போச்சு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் மனைவி அங்கம்மா. காரை விற்று வீட்டைச் சரிபண்ணுங்கள், இல்லையென்றால் காரிலேயே குடித்தனம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டாள். விளம்பரம் போட்டும் ஒரு ஈ காக்கை வரவில்லை. முதலில் வந்தவன் இவன்தான்.

வாசலில் பென்ஸுக்குப் பக்கத்திலேயே தன் சிவப்பு ஹேட்ச்பேக் காரை நிறுத்திவிட்டு செல்வா ஒப்பிட ஆரம்பித்தான். தன் வண்டி காலை வைத்தால் பறக்கும், எண்ணெய் கம்மியாகக் குடிக்கும், எந்தச் சந்திலும் நுழையும் என்றான். செல்லப்பன் விடுவாரா? பென்ஸ் கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேள், பின்சீட்டில் உட்கார்ந்து பார், குழியில் இறங்கினாலும் கையில் இருக்கிற தேத்தண்ணி சிந்தாது என்றார். அவன் உட்காரவும் இல்லை, இஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லவும் இல்லை. தேத்தண்ணி குடிக்கவா கார் ஓட்டுகிறோம் என்று சிரித்தான்.

இவன் வாங்கப்போவதில்லை என்று செல்லப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அந்த நேரம் பார்த்து, கேட்ட விலையை அப்படியே தருவதாகச் சொன்னான் செல்வா. ஒரு வெள்ளிகூடக் குறைக்கச் சொல்லவில்லை.

செல்லப்பனுக்குத் தலை சுற்றியது. இத்தனை நொட்டை சொன்னவன் எதற்காகக் காசைக் கொட்டுகிறான்? பைத்தியமா, இல்லை பணத்திமிரா? ஒருவேளை வண்டியைப் பிரித்து உதிரி உதிரியாக விற்கப்போகிறானோ? காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்பதுபோல அங்கம்மா கதவோரம் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. வண்டிய உடைச்சு விக்கப்போறியா? அப்படின்னா இவ என்னை வீட்டைவிட்டே துரத்தினாலும் தரமாட்டேன்." செல்லப்பன் பென்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

செல்வா திருதிருவென்று விழித்தான்.

"அலமாக், வண்டி எனக்கு எதுக்கு அங்கிள்? அதை நீங்களே வச்சு ஓட்டுங்க, வேற நம்பர் மாத்தித் தரேன். என் வண்டியில போட்டுக்க உங்க நம்பர் பிளேட்ல இருக்கற, லேசுல யாருக்கும் கிடைக்காத அந்த ஒத்தை ஒம்பது கிடைச்சா போதும், நான் கொடுக்கற காசு அதுக்குத்தான்."