ரிசீவர் கேட்ட அமைதி

ஒரு வீட்டுக் கூடத்துக்குப் புதிதாக ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று வந்தது. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் இனி அதுதான் தலைமை. அவற்றின் ஓசையை அளந்து சரிசெய்தால்தான் படம் போடுவேன் என்று வந்ததும் சொல்லிவிட்டது.

வீட்டுக்காரர் சிங்காரவேலு அளவெடுக்கும் மைக்கைச் சோபாவில் தாம் உட்காரும் இடத்தில் வைத்தார். சத்தம் கூடாது என்று குடும்பத்தை மாடிக்கு அனுப்பினார். ஃபேனையும் நிறுத்தினார்.

ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. "இடதுபக்கத்தவரே, கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். பின்னால் இருப்பவரே, சாப்பிட்டீர்களா இல்லையா?" என்றது மைக்.

கடைசியில் எல்லாம் சரியானது. "இனி இங்கே கொசு தும்மினாலும் கேட்கும்" என்றது ரிசீவர்.

குடும்பம் இறங்கி வந்து உட்கார்ந்தது. சிங்காரவேலு வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஃபேனைப் போட்டார். அது கடகடவென்று சுற்றியது.

"நீ சுற்றினால் என் கணக்கெல்லாம் தப்பிவிடும்" என்றது ரிசீவர்.

"நான் சுற்றாவிட்டால் இங்கே யார் உட்காருவார்கள்?" என்றது ஃபேன்.

நியாயம் சொல்ல மைக்கும் இல்லை, அது பெட்டிக்குள் போய்விட்டது. ரிசீவர் ஸ்பீக்கர்களிடம் முணுமுணுத்தது: "என்றைக்காவது ஒருநாள் இவன் நிற்பான். அன்றைக்குக் காட்டுகிறேன், நான் யாரென்று."

ஒருநாள் படத்தின் நடுவில் ஃபேன் நின்றது. தெருமுனையில் போகிற சைக்கிள் மணிகூடத் தெளிவாகக் கேட்டது. ரிசீவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

கரண்ட் போயிருந்தது.