நூறு சதவீதம்

"மொதலாளி, மொதல்ல இத்த எடுத்து வாயில போடுங்க. அப்பாலதான் வண்டிய எடுப்பேன்" என்று டிரைவர் கதிரேசன் ஜாங்கிரி டப்பாவை நீட்டினான்.

"என்னடே விசேஷம்?" என்றார் பொன்ராஜ்.

"நம்ம பாப்பா, தமிழ்நிலா, பத்தாவது பாஸ் ஆயிட்சு. நீங்க சொல்லித்தான நம்ம ஸ்கூல்ல சேத்துக்கினாங்க. எங்க வூட்ல பத்தாவது தாண்டுன மொத ஆளு இவதான் மொதலாளி."

தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக் கடை வைத்திருக்கும் பொன்ராஜுக்குத் தம் மகளே பாஸானதுபோல் மனசு நிறைந்துவிட்டது. உடம்பில் சர்க்கரை இருப்பதை மறந்து முழு ஜாங்கிரியையும் தின்றார். "பிள்ளைய கடைக்கு வந்து பிடிச்ச சுடிதாரா எடுத்துக்கிடச் சொல்லு" என்றார்.

"இது பெரியம்மாவுக்கு" என்று இன்னொரு டப்பாவையும் கொடுத்துவிட்டுத்தான் கதிரேசன் வண்டியைக் கிளப்பினான்.

வண்டி மந்தைவெளிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அப்பா ஆரம்பித்த பள்ளிக்கூடத்தைப் பெரியம்மா, அதாவது பொன்ராஜின் அக்கா சண்முகவடிவு, நடத்துகிறார். போன வருஷம் அக்காவின் நச்சரிப்பு தாங்காமல், கடை லாபத்திலிருந்து எடுத்து ஆசிரியர்களுக்கெல்லாம் சம்பளத்தை உயர்த்தினார் பொன்ராஜ். இத்தனை வருஷமாக நூறு சதவீதம் காட்டிய பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் மூன்று பேர் ஃபெயில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதருக்கு இது பொறுக்குமா? ஜூன் முதல் பழைய சம்பளம்தான் என்று சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பியிருந்தார்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் அமைதியாக இருந்தது. மூலை வகுப்பறையில் மட்டும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. 'லீவுலயும் கரண்டு செலவு' என்று முணுமுணுத்தபடியே அவர் அக்காவின் அறைக்குள் நுழைந்தார்.

"வாலே. வெயில்ல வந்திருக்க, மோர் குடி."

"மோர் இருக்கட்டும்க்கா. வாசல்ல 'நூறு சதவீதம்'னு பேனர் இருக்குமே, எங்க?"

"கழத்தியாச்சு."

"கழத்தாம என்ன செய்ய? கொறச்சலா சம்பளம் வாங்கும்போது நூறு. கூட்டிக் குடுத்ததும் மூணு பேரு ஃபெயிலு. எங் கடையில சேல்ஸ்மேனுக்குக் கூட்டிக் குடுத்தா வியாபாரம் கூடும். இங்க தலைகீழா இருக்கு. ஜூன்லருந்து பழைய சம்பளந்தான். கோவிச்சுக்கிடாத."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஷீலா டீச்சர் போயிருவாலே. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கம்பெனி அவளக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

"போகட்டும். படிக்கிற பிள்ளை யாரு நடத்துனாலும் படிக்கும். நம்ம கதிரேசன் மகளப் பாரு. அப்பன் அஞ்சாங்கிளாஸ், பிள்ளை பத்தாவது பாஸ். அதுக்கு டீச்சர் சம்பளமா காரணம்? இந்தா, உனக்கும் ஜாங்கிரி குடுத்து விட்டிருக்கான்."

சண்முகவடிவு டப்பாவைத் திறந்து பார்த்தார். சாப்பிடவில்லை.

"தம்பி, உன் கடையில டேமேஜ் ஆன சேலைய ஷோகேஸ்ல வைப்பியா?"

"அதெப்படி? சரக்கு வந்ததுமே பிரிச்சுத் தள்ளிருவோம்."

"நானும் அதைத்தான் செஞ்சேன். பாஸாக மாட்டாங்கன்னு தோணுன பிள்ளைங்களுக்கு ஒம்பதாவது முடிஞ்சதுமே டி.சி. குடுத்து அனுப்பிருவேன். மிச்சப் பிள்ளைங்க மட்டும் பரீட்சை எழுதும். நூறு சதவீதம் வரும்."

பொன்ராஜ் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? டி.சி.ய நீட்டுத அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனா நாலு மணியானா டீச்சருங்க டியூஷனுக்கு ஓடணும். இல்லன்னா அவங்களால வாடகை குடுக்க முடியாது. மெதுவாப் படிக்கிற பிள்ளைங்கள யாரு உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பா?"

பொன்ராஜ் நாற்காலியை அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ சம்பளம் கூட்டுன அன்னைக்கு ஷீலா இதே இடத்துல வந்து நின்னா. 'மேடம், இனிமே சாயங்காலம் நான் அடையாறுக்கு டியூஷன் எடுக்க ஓட வேணாம். அந்த நேரத்த இவங்களுக்குத் தரேன். யாரையும் அனுப்பாதீங்க'ன்னா. மத்த டீச்சருங்களும் சேந்துக்கிட்டாங்க. பத்துப் பிள்ளைங்களுக்கு டி.சி. எழுதி வச்சிருந்தேன். எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன். அதுல ஏழு பேரு இப்பம் பாஸு."

"அந்த மூணு பேரு?"

"வரும்போது மூலை ரூம்ல ஃபேன் ஓடுனதப் பாக்கலியா? ஜூலைப் பரீட்சைக்கு ஷீலா அவங்களப் படிக்க வச்சுக்கிட்டிருக்கா. லீவுதான், யாரும் கூப்பிடல. அவளா வந்திருக்கா."

பொன்ராஜின் மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் வியாபாரி புத்தி அவ்வளவு லேசில் விடுமா? கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான்க்கா. ஆனா முகந்தெரியாத ஏழு பிள்ளைங்களுக்காக வருசா வருசம் கடை லாபத்த எடுத்து வைக்க முடியுமா?"

"முகந்தெரியாத பிள்ளைங்களா?" சண்முகவடிவு ஜாங்கிரியை எடுத்து, பாதியைப் பிட்டுத் தம்பியின் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ சேத்து விட்ட பிள்ளைன்னுகூடப் பாக்காம, முதல் டி.சி.ய இந்த ஜாங்கிரிக்காரிக்குத்தாம்ல எழுதி வச்சிருந்தேன்."