கத்த வாணாம் மகள்

வாய் நிறைய மண். துப்பினேன். துப்பியது கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

அப்படியென்றால் நான் ஒருக்களித்துக் கிடக்கிறேன். வாப்பா சொல்லித் தந்தது அது. புதைந்துபோனால் முதலில் துப்பிப் பார்க்க வேண்டும், எச்சில் போகிற பக்கம்தான் கீழ்.

வாப்பாவின் அறை ஜன்னலைச் சாத்துவதற்காகத்தான் உள்ளே வந்தேன். மூன்று நாளாக விடாத மழை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். உம்மா கட்டுகஸ்தோட்டையில் சாச்சி வீட்டில். ஜன்னல் கொக்கியைப் போட்டது வரைதான் ஞாபகம். வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை அப்படியே உள்ளே வந்துவிட்டது.

பெரிய அலுமாரி அடுத்திருந்த குசினிச் சுவரில் சாய்ந்து நின்றதால் அதன் அடியில் எனக்கு ஒரு பாய் அளவு இடம் மிஞ்சியிருந்தது. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. வலது கை மட்டும் என் சொல் கேட்டது. கைக்கு எட்டிய தூரத்தில், சுவரோரமாக வீடு முழுக்க ஓடும் தண்ணீர்க் குழாய். தம்பி நபீல் பிளாஸ்டிக் குழாய் போடுவோம் என்று எத்தனை தடவை கேட்டும் வாப்பா மாற்ற விடாத பழைய இரும்புக் குழாய்.

வாப்பா பதினொரு வருடம் இராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் மடவளையில் 'ஆமி ரஸீன்' என்றால்தான் தெரியும். மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் சைக்கிள் பழக்கினார்கள். எங்களுக்கு வாய்த்தவர் புகைக்குள் எப்படித் தவழ்வது, புதைந்தால் எப்படி மூச்சு விடுவது என்று பழக்கினார். எங்கள் வீட்டுக் கண்ணாமூச்சிகூட வேறு தினுசு. ஒளிந்திருப்பவர் குழாயைத் தட்ட வேண்டும். மூன்று தட்டு, பிறகு பத்து வரை எண்ணு, மறுபடி மூன்று தட்டு. கட்டிலுக்கடியில் கிடந்து தட்டுவேன். வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் வாப்பா நேரே வந்து என் காலைப் பிடித்து இழுப்பார்.

"கத்த வாணாம் மகள். கத்தினா மூச்சுதான் போகும். தட்டு."

கத்தாமல் இருக்கிற ஆளா நான்? ஐந்தாம் வகுப்பில் நான் பாடம் எடுத்தால் எட்டாம் வகுப்பும் சேர்ந்து படிக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் நக்கலடிப்பார்.

மேலே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "ருஷ்தா! ருஷ்தா!" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாப்பாவின் பாடத்தைக் காற்றில் விட்டுவிட்டு அடித்தொண்டையில் கத்தினேன். நான்கு தடவை. மூக்குக்குள் மண் இறங்கித் தலை சுற்றியதுதான் மிச்சம். மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

நபீலின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "ராத்தா குசினியிலதான் இருப்பா! அங்க தோண்டுங்க!"

பின்னே என்ன! வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரம். பொம்பளை சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறெங்கே இருப்பாள்? எனக்கு வந்த கோபத்துக்கு மண்ணோடு சேர்த்து எழும்பியிருப்பேன்.

அடுத்த நிமிடம் கோபம் போய்ப் பயம் பிடித்தது. அலுமாரிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதே அந்தக் குசினிச் சுவர்தான். அதை இடித்தால் அலுமாரியும் அதன் மேல் கிடக்கும் மலையும் என் மேல்.

காலையிலிருந்து கீழ்ப் பாதையில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உறுமிக்கொண்டு ஏறி வந்தது.

கையில் ஒரு கல் அகப்பட்டது. குழாயைத் தட்டினேன். மூன்று தட்டு, பத்து, மூன்று தட்டு. இயந்திர இரைச்சலில் என் தட்டு எனக்கே கேட்கவில்லை. வாப்பாவுக்கு முழங்கால் வருத்தம், பள்ளிவாசலிலிருந்து எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவார். யா அல்லாஹ், அவரை மட்டும் கெதியாக அனுப்பு. வேறு யாரும் வேண்டாம்.

சுவர் அதிர்ந்தது. அலுமாரி ஒரு விரல் அளவு இறங்கியது. நான் அழுதுகொண்டே தட்டினேன். பத்து வரை எண்ணப் பொறுமையில்லாமல் ஆறிலேயே மறுபடி தட்டினேன்.

இயந்திரம் நின்றது.

வாப்பா வந்த வேகத்தில் பெக்கோவின் வாளிக்கு முன்னால் சேற்றில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாராம். சாரதி ஏசிக்கொண்டே நிறுத்தினானாம். பிறகு வாப்பா முற்றத்துக் குழாயடிக்குத் தவழ்ந்து போய், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாராம். எழும்பித் தன் அறை இருந்த பக்கத்தைக் காட்டினாராம். இதெல்லாம் நபீல் பிறகு சொன்னது.

மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் இரண்டு மணித்தியாலம் தோண்டினார்கள். முதலில் வெளிச்சம் வந்தது. அடுத்து வாப்பாவின் கை வந்து என் வாயில் இருந்த மண்ணைத் துடைத்தது. "வாப்பா, வாப்பா" என்று நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வாப்பா அழுது நான் பார்த்ததில்லை.

உதவிக்கு வந்திருந்த இராணுவ வீரர் ஒருவர் வாப்பாவின் தோளைத் தொட்டுச் சிங்களத்தில் கேட்டார். இத்தனை பேர் காதைக் கொடுத்துக் கேட்டும் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

வாப்பா வழக்கம்போல நபீலின் முகத்தைப் பார்த்தார்.

நபீல்தான் பதில் சொன்னான். வாப்பாவுக்கும் கேட்கவில்லை. பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து இரண்டு காதும் போய் முப்பத்துநான்கு வருடம். அவர் கையால்தான் கண்டுபிடித்தார்.

நான் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. என் குரல் எப்படி இருக்கும் என்று வாப்பாவுக்குத் தெரியாது.