செத்த காயில்

அண்ணன் கடலில் விழுந்த அன்று படகில் கூட இருந்தவர் அக்கா கணவர், என் மச்சான் மட்டும்தான். மோட்டார் கிளம்பவே இல்லை, அதனால் திரும்பிப்போய்த் தூக்க முடியவில்லை என்றார். அந்த மோட்டாருக்குப் பழைய காயிலைப் போட்டுக் கொடுத்த மெக்கானிக் நான். ஏழு மாதமாக அண்ணி என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மச்சான்தான், "விடு மாப்ளே, நீ வேணும்னா செஞ்சே?" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்று மோட்டாரைப் பட்டறையில் தண்ணீர் டிரம்மில் மாட்டினேன். ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் அந்தக் காயிலைக் கழற்றி மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை. காயில் செத்திருந்தது. அப்படியென்றால் என் தப்புதான். வெறுப்பில் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை ஒரு தடவை இழுத்தேன்.

மோட்டார் ஓடியது. காயில் என் இடது கையில் இருந்தது. ப்ளக் வயர் எதிலும் சேராமல் தொங்கியது.

சத்தம் கேட்டு மச்சான் உள்ளே வந்தார்.

"என்ன மாப்ளே, சரி பண்ணிட்டியா?"

"இன்னும் எதையும் மாத்தலை மச்சான். ஒரே இழுப்புல ஓடுது."

"அன்னைக்கும் ஒரே இழுப்புலதான்..." என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

மோட்டாரும் நின்றது. நான் சுவிட்சைத் தொடவில்லை.

மச்சான் விறுவிறுவென்று வந்து கயிற்றைப் பிடித்தார். பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்தார். அது கிளம்பவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று மூச்சு வாங்கியபடி, வழக்கம்போல் என் தோளைத் தட்டினார்.