ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதில்

இரும்புக் காபனைல் திரவத்தில் வெளிச்சம் படும்போது பொன்னிறப் பளிங்குகள் படியும். கூடவே மணமில்லாத நச்சுவாயுவும் வெளிவரும். ஆகவே அந்த ஆய்வுகூடத்தில் ஒருவர் உள்ளே வேலைசெய்தால், இன்னொருவர் வெளியே நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை கூப்பிட வேண்டும்.

அன்று உள்ளே ஆய்வு மாணவி தாரிகா. முன்கதவடியில் வட்டுக்கோட்டையிலிருந்து வரும் உதவியாளர் கிளரன்ஸ்.

“தாரிகா?”

“இன்னும் சாகேல்லை, அண்ணை.”

அடுத்த தடவை “ஓம், அண்ணை” என்று மட்டும் பதில் வந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது ‘ஓம்’இலும் அவளுடைய வழக்கமான பகிடி இல்லை. கிளரன்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. கதவைத் திறக்கப் போனார்.

அப்போது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தாரிகா வந்தாள்.

“வாயு இழுக்கிற விசிறி நிண்டிட்டுது, அண்ணை. பின்கதவாலை ஓடி வந்தனான். தலைசுத்திலை இவ்வளவு நேரமும் வேம்படியிலை இருந்திட்டன்.”

“அப்ப எனக்கு ஆர் ஓம் சொன்னது?”

“நான் கதைக்கவேயில்லை.”

கதவுக் கண்ணாடியால் பார்த்தார். உள்ளே யாருமில்லை. ஐந்து நிமிடம் ஆனது. அவர் கூப்பிடவில்லை.

“ஏன் அண்ணை கூப்பிடேல்லை?” உள்ளிருந்து தாரிகாவின் குரல் கேட்டது.

தாரிகா அவர் கையைப் பிடித்தாள். “பதில் சொல்லாதேங்கோ.”

“ஆரெண்டாலும் நஞ்சுக்குள்ளை விடேலாது, பிள்ளை.” மனதுக்குள் செபித்துவிட்டு, கதவைப் பார்த்துச் சொன்னார்: “வெளியிலை வாரும்.”

“வாறன், அண்ணை.”

கதவின் கைப்பிடி மெல்லக் கீழிறங்கியது.