அரக்குச் சேலையும் இரண்டு கருவிகளும்

பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் நதீமின் ஸ்டூடியோ மத்தியானத்திலேயே இருட்டிக் கிடக்கிறது. வெயில் மானிட்டரில் படக்கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறான். சேலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அன்பரசியின் கல்யாண ஆல்பத்தில் அரக்குச் சேலை ஆரஞ்சாக அச்சாகி வந்துவிட்டது. அதனால், மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்யும் கருவிகளில் இரண்டை வரவழைத்து, எதை வாங்கலாமென்று பார்க்கிறான். அவனுக்குப் பெரியதன் மேல்தான் கண். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னதே போதும் என்கிறாள், படங்களைத் திருத்தும் அவன் மனைவி ஹீனா. பெரியதைப் பார்த்து முடித்தாயிற்று. இப்போது சின்னது திரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று வெளிச்சம் மாற மாற, மூன்று பேர் முகமும் கூடவே மாறுகிறது. தெருவில் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகிறது. கருவியை எடுத்ததும் அன்பரசியின் கல்யாணப் படம் வருகிறது. அவள் பையிலிருந்து சேலையை எடுத்து, மேசை விளக்கைப் போட்டு, முந்தானையைத் திரையோரம் பிடிக்கிறாள்.

“இதுலயும் அதே அரக்குதாங்க. ரெண்டு கருவிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க.”

நதீம் பெரியதை அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறான். ஹீனா சிரிக்கிறாள். சிரித்தபடியே அவள் கை, எல்லா மணப்பெண்ணுக்கும் செய்கிற பழக்கத்தில், படத்திலிருக்கும் முகத்தை வெளுப்பாக்குகிறது.

“அக்கா, சேல சரியாயிருச்சு. இப்ப அதைக் கட்டிக்கிட்டு நிக்கறது யாருங்க?”

ஹீனாவின் கை மவுஸிலேயே நிற்கிறது. பிறகு அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, அன்பரசியாகிறது.